கன்ட்ரோலர் கிடைக்காத தம்பி சொல்கிறேன்

போன ஞாயிறு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அக்கா மகன் கேட்டான்: "மாமா, கேம் அவ்வளவு நல்லா இருக்கே, படத்த மட்டும் ஏன் இப்படி எடுத்து வச்சிருக்காங்க?" முதல் நாள் ராத்திரிதான் வீடியோ கேமிலிருந்து எடுத்த பார்டர்லாண்ட்ஸ் படத்தைப் பார்த்திருக்கிறான். 2024இல் வந்தது. கேட் பிளான்செட் மாதிரி ஒரு பெரிய நடிகை, 10 கோடி டாலருக்கு மேல் செலவு, தியேட்டரில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பையனுக்குப் பதினைந்து வயது, அந்த கேமைக் கரைத்துக் குடித்தவன். எல்லாரும் வழக்கமாகச் சொல்வதையே நானும் சொன்னேன், கேம் இருபது மணி நேரம், படம் இரண்டு மணி நேரம், எப்படிடா அடங்கும் என்று. அவன் "ஹ்ம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான். அந்த "ஹ்ம்"இல் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றின டீ) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் கேம் விளையாடுகிறவன் இல்லை. கேம் *பார்த்தவன்*. அண்ணன் இருக்கும் வீட்டில் தம்பியாகப் பிறந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு பிளாட் வீட்டில் இருந்தோம். தீபாவளிக்கு உறையில் போட்டுத் தரும் அங்பாவ் பணம், பள்ளிச் செலவில் மிச்சம் பிடித்தது, எங்கே கிடைத்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாத ஒரு தொகை, எல்லாம் சேர்த்து அண்ணன் ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கினான், கள்ள டிஸ்க்கும் ஓடுகிற மாதிரி சிப் அடித்தது. சூடானால் டிஸ்க் படிக்காது, அதனால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் ஓட்டுவோம். சனிக்கிழமை பெரி ஏறிப் பினாங்குத் தீவில் கொம்தார் கடைகள் பக்கம் போவோம், கள்ள டிஸ்க் ஐந்து வெள்ளி. (பெரிக்குப் போகும்போது மட்டும்தான் காசு, திரும்பி வர இலவசம். எங்கள் பட்ஜெட் அதை நம்பித்தான் இருந்தது.) வீட்டுக்கு வந்தால் கன்ட்ரோலர் அண்ணன் கையில். எனக்கு இன்னொன்றைத் தருவான், அதன் ஒயர் எதிலும் சொருகியிருக்காது. ஒரு வருஷம் நான்தான் பாதி விளையாடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்ததில் மறக்க முடியாதது ரெசிடென்ட் ஈவில் என்ற ஜோம்பி கேம், 1996இல் வந்த முதல் பாகம். எங்களுக்குக் கிடைத்தது ஜப்பான் பதிப்பின் நகல். பேச்சு ஆங்கிலம், ஆனால் அந்த மாளிகையில் கிடக்கும் டைரி, கடிதம் எல்லாம் ஜப்பான் எழுத்து. அதாவது கதையில் பாதி எங்களுக்குத் தெரியவே தெரியாது. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது, ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பையன்கள் உட்பட ஐந்து பேருக்கும் வயிறு கலங்கும். ஒவ்வொரு கதவும் ஆமை மாதிரித் திறக்கும். அடுத்த அறையை டிஸ்கிலிருந்து ஏற்ற நேரம் வேண்டும் என்பதற்காக வைத்த தந்திரம் அது என்று பின்னால்தான் தெரிந்தது, எங்களுக்கு அது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் நேரம். கேமைச் சேமிக்க ஒரு தட்டச்சு இயந்திரம், அதற்கு மை ரிப்பன் வேண்டும், ரிப்பனும் அளவாகத்தான் கிடைக்கும். தோட்டாவும் அப்படித்தான். அண்ணன் வாய்க்குள் எண்ணுவான்: "ஏழு இருக்கு. அவனுக்கு மூணு. மிச்சம் நாலு." நாங்கள் பின்னாலிருந்து "சுடாதே, ஓடு ஓடு" என்று கத்துவோம். அவன் கழுத்தில் வியர்வை வழியும். நான் பாதி நேரம் டிவியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2002இல் படம் வந்தது. அண்ணன் முதல் வாரமே கூட்டிக்கொண்டு போனான். கதாநாயகி ஆலிஸ், எந்த கேமிலும் இல்லாத ஆள். சரி, அது பரவாயில்லை. சுவரில் ஓடி உதைக்கிறாள், சுடுகிறாள், சுட்டுக்கொண்டே இருக்கிறாள். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை தோட்டாடா வச்சிருக்கா இவ?"

இந்தக் கேள்விக்குள் முழு விஷயமும் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. வைரஸ், கம்பெனி, பெயர் என்று கேமிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள், அந்த எண்ணிக்கையை எடுத்துப் போகவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தப் படத்தில் லேசர் கதிர் ஆட்களைத் துண்டுபோடும் அந்த நடைவழிக் காட்சி உண்மையிலேயே நல்ல காட்சி. கேமில் இல்லாத அதை, 2005இல் நான்காவது கேமில் அவர்களே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். 2016 வரை ஆறு படம் வந்து, மொத்தமாக 120 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆக, காசு வராத தொழில் இது என்று யாரும் சொல்ல முடியாது. என் வருத்தம் வசூலைப் பற்றியது இல்லை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை கேம் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம்மவர்களுக்கு அதில் ஒரு சொந்தக் காயம் இருக்கிறது. காசு போட்டு விளையாடும் கடையில் தமிழ்ப் பையன்கள் எல்லாரும் தால்சிமைத்தான் எடுப்போம், "நம்ம ஆளு" என்று. கழுத்தில் மண்டையோட்டு மாலை, இரண்டு கையும் ரப்பராக நீளும், வாயைத் திறந்தால் "யோகா ஃபயர்". எந்த ஊர் யோகி அப்படி இருப்பார் என்று அந்த வயதில் யார் கேட்டார்கள்? 1994இல் வந்த படத்தை விசிடியில் பார்த்தோம். கதாநாயகன் ரியூ கிடையாது, வான் டாம் நடித்த கைல். தால்சிமாக வந்தவர் ரோஷன் சேத், காந்தி படத்தில் நேருவாக நடித்தவர், அருமையான நடிகர். ஆனால் அவர் இங்கே ஒரு விஞ்ஞானி! ஆய்வுக்கூடத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கை நீளும், இப்போது நீளும் என்று கடைசி வரை காத்திருந்தோம். நீளவே இல்லை. நோயோடு போராடிக்கொண்டே வில்லனாக நடித்த ராவுல் ஹூலியா, படம் வெளியாகும் முன்பே இறந்துபோனார். அந்த மனுஷன் மட்டும்தான் அதில் ஒவ்வொரு வசனத்தையும் அனுபவித்துச் சொல்லியிருப்பார், இன்றும் அவருக்காக ஒருதரம் பார்க்கலாம்.

நாவலைப் படமாக்கும்போதும் இதே சண்டைதானே என்று கேட்பீர்கள். பொன்னியின் செல்வன் வந்தபோது முகநூலில் நடந்த கூத்து எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நாவலில் வந்தியத்தேவனுக்கு ஆளுக்கு ஒரு முகம், ஆனால் அவன் செய்தது எல்லாருக்கும் ஒன்றுதான். கேமில் முகம் எல்லாருக்கும் ஒன்று, செய்தது ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் முகத்தில் கை வைத்தால் பற்றிக்கொள்கிறது. 2019இல் சோனிக் முன்னோட்டம் வந்தபோது அந்த நீல முள்ளெலிக்கு மனுஷப் பல் வைத்திருந்தார்கள், உலகமே கத்தியது. உருவத்தை மாற்றிப் படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள், பிழைத்துக்கொண்டது. முகத்தைத் திருத்தலாம். அண்ணன் மூன்று தோட்டாவை மிச்சம் பிடித்த அந்த இரவை எந்த எடிட்டர் வந்து திருத்துவார்?

சிலர் குறுக்கு வழி பார்த்தார்கள். 2005இல் டூம் படத்தில் ஐந்து நிமிடம்போல கேமராவைத் துப்பாக்கிக்குப் பின்னாலேயே வைத்தார்கள், விளையாடுகிறவன் பார்ப்பது போலவே. பார்க்கும்போது எனக்கு வந்தது அந்தச் சொருகாத கன்ட்ரோலர் ஞாபகம்தான்.

அடுத்து வார்கிராஃப்ட் படம், 2016. சைபர் கஃபேயில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டோட்டா என்ற கேம் விளையாடின கூட்டம் அத்தனையும் போய்ப் பார்த்தது. வார்கிராஃப்ட் 3க்கு மேல் ரசிகர்கள் கட்டின வரைபடம்தான் டோட்டா என்பதால் முகமெல்லாம் தெரியும், கதை ஒருவனுக்கும் தெரியாது. சீனாவில் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் வசூல், அமெரிக்காவில் 5 கோடியைக்கூடத் தொடவில்லை.

இப்போது மரியோவுக்கு வருகிறேன், ஏனென்றால் "மாமா, மரியோ ஓடுச்சே" என்று பையன் அடுத்துக் கேட்பான். 1993இல் மரியோவை நிஜ மனிதர்களை வைத்து எடுத்தார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் காளானைத் தின்று பெரிதாகிற கதைக்குக் காரணம் கற்பிக்கப் போய், டைனோசர்களிலிருந்து வந்த மனிதர்கள் வாழும் இருட்டு நகரம் ஒன்றைக் கட்டி, கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2023இல் அனிமேஷனாக எடுத்தார்கள், எதற்கும் காரணம் சொல்லவில்லை, 130 கோடி டாலர் தாண்டியது. விமர்சகர்கள் கதை எங்கே என்று கேட்டார்கள். பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும்போது ரோட்டோரத்தில் தேங்காயோடு நிற்கிறவர்களிடம் போய்க் கதை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். சாமி வருது, பார்க்கிறோம், கும்பிடுகிறோம், அவ்வளவுதான். மரியோ படமும் ரதம்தான். 2025இல் மைன்கிராஃப்ட் படத்துக்குப் பையன்கள் சீட்டில் ஏறி நின்று கத்தி பாப்கார்னை வீசினதும் அந்த வகைதான். நான் இதைக் கேலி செய்யவில்லை, தியேட்டரில் நானும் சிரித்தேன். ஆனால் ரதம் போன பிறகு தெருவில் தேங்காய் ஓடு மட்டும்தான் கிடக்கும்.

என்னை உலுக்கியது ஒன்றுதான், தி லாஸ்ட் ஆஃப் அஸ். (கேம் 2013, தொடர் 2023. முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிவிடுங்கள்.) கேமில் கடைசியில் மருத்துவமனை. நாம் ஓட்டும் ஜோலுக்கு மகள் மாதிரி ஆகிவிட்ட எல்லியை அறுவைக்குப் படுக்க வைத்திருக்கிறார்கள், அவள் உயிர் போகும், ஆனால் மனித குலத்துக்கு மருந்து கிடைக்கலாம். கத்தியோடு மருத்துவர் முன்னால் நிற்கிறார். அவரைக் கொல்லாமல் கேம் நகராது. அப்போது அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து விளையாடிக்கொண்டிருந்தான், நான் பழையபடி பக்கத்தில். அந்த அறையில் கன்ட்ரோலரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "வேற வழியே இல்லையாடா?" என்று என்னைக் கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் கேட்கிறான். அப்புறம் அழுத்தினான்.

தொடரில் அந்த அழுத்தல் கிடையாது, இருக்கவும் முடியாது. அங்கே அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஜோல் மருத்துவமனைக்குள் நடக்கிறான், ஒவ்வொருவராகச் சுடுகிறான், வெடிச் சத்தம் அமுங்கிப்போய் இசை மட்டும் சோகமாக ஓடுகிறது, கேமரா பெட்ரோ பாஸ்கலின் முகத்தைப் பார்க்கிறது. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது, அது அன்று நான் பக்கத்திலிருந்து பார்த்த முகம். துப்பாக்கிக்குப் பின்னால் கேமராவை வைக்காமல், தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்! மூன்றாவது எபிசோடும் அப்படித்தான். கேமில் பில் என்பவனின் ஊரில் நம்மைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுடச் சொல்வார்கள், விளையாட அட்டகாசமான இடம். தொடரில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கேமில் பிணமாகவும் ஒரு கடிதமாகவும் மட்டுமே வரும் ஃபிராங்குக்கும் பில்லுக்கும் ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். கேமை எழுதிய நீல் டிரக்மனும் கிரேக் மேசினோடு சேர்ந்து உருவாக்கியதால், எதைத் தூக்கிப் போடலாம் என்ற தைரியம் இருந்திருக்கிறது. முதல் சீசனுக்கு ஒன்பது எபிசோடு என்ற அவகாசமும் உதவியது, மறுக்கவில்லை.

நம் பக்கத்தில் 2019இல் வந்த கேம் ஓவர் படம் எந்த கேமையும் தழுவியது கிடையாது. ஆனால் டாப்ஸி சாகிறார், அதே இரவு மறுபடி தொடங்குகிறது, கையிருப்பு மூன்று உயிர். கோடி கோடியாகக் கொட்டி ஹாலிவுட் தவறவிட்ட அந்த எண்ணிக்கையை அஸ்வின் சரவணன் ஒரு வீட்டுக்குள்ளேயே பிடித்துவிட்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்குத் தோட்டா கணக்கு தெரியுது" என்றான். அவன் அகராதியில் அதுதான் பெரிய பாராட்டு.

அடுத்து ஸெல்டா கேமைப் படமாக எடுக்கிறார்களாம், 2027க்கு அறிவித்திருக்கிறார்கள், நிஜ நடிகர்களை வைத்து. அதன் கதாநாயகன் லிங்க் இத்தனை வருஷமாக வாய் திறந்து பேசாத ஆள், விளையாடுகிறவன் மனசுதான் அவன் குரல். படத்தில் பேசுவானா, பேசினால் என்ன பேசுவான் என்று வாட்ஸ்ஆப்பில் அண்ணனைக் கேட்டேன். "டிக்கெட் நீ எடு, நாசி கண்டார் சோறு நான் வாங்கித் தரேன், போய்ப் பார்ப்போம்" என்று பதில் வந்தது. அக்கா மகனும் வருகிறானாம். நடுவில் உட்காரப்போவது யார் என்று இப்போதே சண்டை.