ஊர்ற பூச்சியா, பறக்குற பூச்சியா?

எமர்ஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து "பூச்சி கடிச்சிருச்சு சாமி" என்றார். குளவியாக இருக்கும் என்று அலர்ஜி ஊசி எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா, "பாட்டி, ஊர்ற பூச்சியா, பறக்குற பூச்சியா?" என்று கேட்டார். "ஊர்றதுதான் தாயி." இருட்டிய பிறகு பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்களாம். மதுரையில் நான் படித்த முதல் பாடம் அதுதான்.

விடிகாலையில் வருகிறவர்களில் மல்லிகை எடுக்கப் போன பெண்கள் உண்டு. நெற்றியில் டார்ச் கட்டியிருப்பார்கள், வெளிச்சம் பூ மேல் இருக்கும், கால் இருட்டில் இருக்கும். கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமுமாகத் தானே காட்டிக்கொடுத்துவிடும். புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவின குழாய் பொய் சொல்லும், பிளாஸ்டிக்கும் அப்படித்தான். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், குழாயும் கடிகாரமும் போதும்.

எனக்குப் பயம் கட்டுவிரியன்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்தில் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, பல் தடமும் தெரியாது. அதனால்தான் காணாக்கடி என்கிறார்கள். விடியும் முன் வயிற்றைப் பிசைந்துகொண்டு எழுந்திருப்பார். அப்புறம் இமை தொங்கும், பேச்சு மூக்கால் வரும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு.

அப்படித்தான் ஒரு பையன் வந்தான், இருபது வயது இருக்கும். நாலு மணிக்கு வயிற்று வலி என்று போன இடத்தில் கேஸ் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சரி, அதைக்கூட மன்னிக்கலாம், நானே தவறவிட்டிருப்பேன். இமை தொங்கியதும் அவனை வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அங்கே சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். சீட்டில் 'பாம்புக்கடி, நரம்பு பாதிப்பு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது, 7.10' என்று அழகான கையெழுத்து. விஷமுறிவு மருந்து ஒரு சொட்டு ஏற்றவில்லை. எங்களிடம் வரும்போது மணி எட்டரை, வாயோரம் எச்சில் வழிகிறது.

வென்டிலேட்டரில் ஐந்து நாள். கண்மணி விரிந்து அசையாமல் இருந்தது. சொந்தக்காரர்கள் முடிந்துவிட்டது என்றே அழுதார்கள். ஆறாம் நாள் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் என்னிடம், "நீங்க சீனி கம்மியா டீ கேட்டீங்க சார்" என்றான். எல்லாமே கேட்டிருக்கிறது அவனுக்கு, அவன் அம்மா அழுததும்.

மந்திரிக்கப் போனார்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள் என்று கிராமத்து ஆட்களைத் திட்டுவது நமக்குச் சுலபம். கட்டக் கூடாதுதான், எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஆனால் எனக்குக் கோபம் அந்த 7.10 சீட்டு மேல்தான். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது, சிலருக்கு ஒவ்வாமையாகி பி.பி. இறங்கும். ஊசி போட்டதும் ஏதாவது ஆகிவிட்டால் கூட்டம் நம்மைத்தான் சுற்றி வளைக்கும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஒவ்வாமையைச் சமாளிக்கிற அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாமே? முதலில் துளி ஏற்றி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்று தேசிய வழிகாட்டியே சொல்லியாயிற்று. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், பாம்பு எடை பார்த்துக் கொத்துவதில்லை. நரம்பில் ஏற்கெனவே பிடித்த கட்டுவிரியன் விஷத்தை இந்த மருந்து பிடுங்காது, ரத்தத்தில் சுற்றுகிற மிச்சத்தைத்தான் பிடிக்கும். அப்படியிருக்க, ஆம்புலன்ஸில் வெறுங்கையோடு கழிகிற அந்த நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. கடி வந்தால் தகவல் கொடுத்தாக வேண்டும். நல்லது. அந்தத் தகவலில் 'விஷமுறிவு மருந்தின் முதல் பாட்டில் எங்கே, எத்தனை மணிக்கு ஏறியது?' என்றும் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் வாதம். கேட்க ஆரம்பித்தால் 7.10 சீட்டுகள் தானாகக் குறையும்.

மேலூர், பேரையூர் பக்கம் நைட் டியூட்டி பார்க்கிற தம்பி, தங்கச்சிகளே, ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தால் எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள். நான் எடுக்காவிட்டால் நர்ஸ் அக்கா எடுப்பார். முதலில் ஊர்ற பூச்சியா, பறக்குற பூச்சியா என்றுதான் கேட்பார்.