செதுக்கியவர்கள் எரிப்பதும் சபாநாயகர் அறுப்பதும் ஒன்றல்ல

2013 இறுதியில் பசிபிக் நாடான பப்புவா நியூ கினியின் நாடாளுமன்ற வாசலுக்கு மேலே இருந்த மரச் சிற்பங்களை அறுத்து இறக்கினார்கள். மாகாணங்களைக் குறித்த 19 மூதாதையர் முகங்கள் அவை. உள்ளே பெரிய மண்டபத்துத் தூணிலும் கை வைத்தார்கள். உத்தரவு போட்டவர் அப்போதைய சபாநாயகர் தியோடர் ஜுரெனுவோக். அவையெல்லாம் விக்கிரகங்கள், தீய ஆவிகளோடு தொடர்புள்ளவை, கிறிஸ்தவ நாட்டின் சபையில் அவற்றுக்கு இடமில்லை என்பது அவர் வாதம்.

1984இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பே நாட்டின் வடக்கே செபிக் பகுதியில் மாப்ரிக் ஊர்ப்பக்கம் இருக்கும் ஆவி வீட்டின், அதாவது முன்னோர் ஆவிகளுக்கான சடங்கு வீட்டின் சாயலில் எழுப்பியது. 'ஹவுஸ் தம்பரான்' என்பார்கள். வானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் முக்கோண முகப்பு. ஆவி வீடு மாதிரி கட்டிக்கொண்டு ஆவிகளை மட்டும் வெளியேற்றுவது என்ன நியாயம்?

இதற்கு ஆதரவாக ஒரு பேச்சு உண்டு. 'பப்புவா நியூ கினியும் அக்கம்பக்கத் தீவுகளும் சேர்ந்த மெலனீசியாவின் மக்களே விழா முடிந்ததும் சிற்பங்களை எரித்துவிடுகிறார்கள், மக்கவிடுகிறார்கள். அப்புறம் சபாநாயகர் அறுத்தால் மட்டும் என்ன தப்பு?' பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு இது. மீதிப் பாதி அதே நாட்டின் நியூ அயர்லாந்து தீவில் இருக்கிறது.

அந்தத் தீவின் வடபகுதியில், இறந்தவர்களுக்காக மாலாங்கன் என்ற சடங்கு நடத்துகிறார்கள். இறந்த உடனே அல்ல. சில சமயம் வருடங்கள் கழித்து. பன்றி சேர்க்க வேண்டும், கிழங்கு விளைவிக்க வேண்டும், உறவுக்காரர்களைக் கூட்ட வேண்டும். சிற்பி மென்மையான மரத்தில் மனிதன், பறவை, மீன், பாம்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் குடைந்து செதுக்குவார். சிவப்பு, கறுப்பு, வெள்ளை பூசி, கடல் நத்தையின் மூடியைக் கண்ணாகப் பதித்ததும் உருவம் பார்க்கத் தொடங்கிவிடும். வேலை முடியும்வரை அடைப்புக்குள் மறைத்து வைத்து, விழாவன்று எல்லோர் முன்னாலும் திறந்து காட்டுவார்கள். கடன் தீரும், துக்கம் கழியும், இறந்தவர் விடைபெறுவார். அதோடு மரத்தின் வேலை முடிந்தது. எரிப்பார்கள், அல்லது மழையில் விட்டுவிடுவார்கள். ஐரோப்பியர்கள் வந்த பிறகு விற்கவும் செய்தார்கள். உலகத்து அருங்காட்சியகங்களில் மாலாங்கன் இவ்வளவு கிடப்பது அதனால்தான்.

ஆனால் அந்த உருவத்தைச் செதுக்கச் சொல்லும் உரிமை குலத்துக்குச் சொந்தம். ஊரறிய, விலை கொடுத்து, விழாவில் வைத்துத்தான் அது கைமாறும். எரிந்த சிற்பத்தை உரிமையுள்ளவர் அடுத்த தலைமுறையில் நினைவிலிருந்து மறுபடி செதுக்கச் சொல்லலாம். உரிமை இல்லாதவர் அதே உருவத்தைச் செய்தால் பெரிய வழக்காகிவிடும். என்னைக் கேட்டால், அவர்கள் காத்து வந்த சொத்து இதுதான். மரம் போனால் போகட்டும் என்று விட முடிந்ததும் இதனால்தான்.

நியூ கினி தீவின் மேற்குப் பாதியில், இன்று இந்தோனேசியாவுக்குள் இருக்கும் அஸ்மத் மக்களும் இறந்தவர்களுக்காகச் செதுக்கும் பிஸ் தூண்களை, விழா முடிந்ததும், உணவு தரும் சாகோ பனந்தோப்பில் சாய்த்துவிடுவார்கள். அங்கே மக்கி மண்ணுக்கு உரமாகும், முன்னோரின் வலிமை சாகோவுக்குள் போகும் என்பது நம்பிக்கை. அதே அஸ்மத் மக்களின் விழாக்களுக்கு 1960களில் இந்தோனேசிய அரசு தடை போட்டு, ஆண்கள் கூடும் வீடுகளை எரித்தது. தோப்பில் மக்கியதும் அரசு வைத்த தீயில் போனதும் ஒன்று என்று எந்த அஸ்மத்காரரிடமாவது சொல்ல முடியுமா?

நாடாளுமன்றச் சிற்பங்களுக்கு எந்த விழாவும் முடியவில்லை. சொந்தக்காரர்கள் யாரும் 'போதும், இறக்குங்கள்' என்று சொல்லவும் இல்லை. நாட்டின் முதல் பிரதமரும் செபிக்காரருமான மைக்கேல் சோமாரே கடுமையாக எதிர்த்தார், நீதிமன்றத்துக்கும் போனார். அவரும் கத்தோலிக்கர்தான். அதனால் இதைக் கிறிஸ்தவத்துக்கும் பழைய நம்பிக்கைக்கும் நடந்த சண்டை என்று சுருக்குவதை நான் ஏற்கவில்லை. செபிக் பகுதியில் செதுக்கிய தூண்கள் தேவாலயத்துக்குள்ளேயே நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்தில் நின்றுதான் ஜெபிக்கிறார்கள்.

2016இல் தேசிய நீதிமன்றம் சபாநாயகர் செய்தது சட்டவிரோதம் என்று சொல்லி, சிற்பங்களைத் திரும்ப வைக்க உத்தரவிட்டது. சரியான தீர்ப்பு. சபாநாயகரின் பக்தியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தன் வீட்டு வாசலில் எதை வைப்பது என்பது அவர் இஷ்டம். அந்த 19 முகங்கள் அவர் வீட்டு வாசலில் இருக்கவில்லை.