பெரியப்பாவின் மூன்று இலக்கங்கள்

2024 செப்டெம்பர் 19, வியாழக்கிழமை. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் இரண்டு நாள். முன்னணியில் ரணில் விக்கிரமசிங்க, சஜித் பிரேமதாச, அநுர குமார திசாநாயக்க.

பெரியப்பா: 51 வீதம் என்று எழுதிக்கொள், பிள்ளை. ரணில் முதலாவது, சஜித் இரண்டாவது, அநுர மூன்றாவது. இதில் இனி மாற்றமே இல்லை.

நித்தியா: போன செவ்வாய்க்கிழமை இதே 51 வீதத்தைச் சஜித்துக்குக் கொடுத்தீர்கள், பெரியப்பா. அதற்கு முந்திய வாரம் அநுரவுக்குக் கொடுத்தீர்கள். 51 மட்டும் அசையாமல் நிற்கிறது; அதற்கு உரியவர்தான் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா: களம் மாறினால் கணிப்பும் மாறத்தான் செய்யும். இது உள்வீட்டுத் தகவல். இன்று காலை சலூனில் கிடைத்தது.

நித்தியா: சலூன்காரருக்கு யார் சொன்னாராம்?

பெரியப்பா: பேருந்து நடத்துநர் சொன்னாராம்.

நித்தியா: நடத்துநருக்கு யார் சொன்னாராம்?

பெரியப்பா: அவருடைய பேருந்தில் பயணம் செய்த ஒரு பெரியவர், கொழும்பில் மேலிடங்களில் பழக்கம் உள்ளவரைப் போலப் பேசினாராம். வெள்ளை வேட்டி உடுத்து, கையில் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்திருந்தாராம். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்ததாம். அப்படிப்பட்டவர் பொய் சொல்வாரா?

(பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியின் இடது கால் ஆறு மாதங்களாகக் கறுப்பு நூலில்தான் நிற்கிறது.)

நித்தியா: திங்கட்கிழமை கண் வைத்தியரிடம் போவதற்கு நீங்கள் பேருந்தில்தானே ஏறினீர்கள்?

பெரியப்பா: அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நித்தியா: நீங்கள் அன்று எத்தனை வீதம் என்று சொன்னீர்கள்?

பெரியப்பா: யாரோ கேட்டார், 48 என்று சொல்லி வைத்தேன்.

நித்தியா: அந்த 48தான் ஊரைச் சுற்றிவிட்டு 51 ஆகத் திரும்பி வந்திருக்கிறது. மூன்று நாளில் இவ்வளவு வட்டி எந்த வங்கியிலும் கிடைக்காது. அதுவும் நேற்று நள்ளிரவுடன் பிரசாரம் முடிந்து, 38 வேட்பாளர்களும் வாயை மூடிக்கொண்ட பின்னர், இந்த நாட்டில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

பெரியப்பா: நான் பிரசாரம் செய்யவில்லையே, கணிக்கிறேன். அனுபவம் பேசுகிறது, பிள்ளை.

நித்தியா: 2010இல் பொன்சேகா வெல்வார் என்று பேசியதும் அந்த அனுபவந்தான். 2015இல் மஹிந்தவை யாராலும் அசைக்க முடியாது என்றீர்கள், மைத்திரிபால வந்தார். 2019இல் சஜித் என்று அடித்துச் சொன்னீர்கள், கோட்டாபய 52.25 வீதத்துடன் வந்தார்.

பெரியப்பா: 2015ஐ மட்டும் எனக்குச் சொல்லிக் காட்டாதே. பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே சோதிடரின் பேச்சைக் கேட்டு மஹிந்த தேர்தலுக்குப் போனார் என்று நாடே பேசியது. சோதிடரே பிழைத்த இடத்தில் நான் பிழைத்தது ஒரு குற்றமா?

நித்தியா: சோதிடருக்குப் பழி போடுவதற்கு ஒன்பது கிரகங்கள் இருந்தன. உங்களுக்குச் சலூன்காரர் ஒருவர்தானே இருக்கிறார்.

பெரியப்பா: நீ சிரித்துக்கொண்டே இரு. என்னுடைய கணிப்பின் பெறுமதி தெரிந்துதான் தேர்தல்கள் ஆணைக்குழுவே இம்முறை என்னிடம் எழுத்தில் கேட்டிருக்கிறது.

நித்தியா: ஆணைக்குழு உங்களிடம் என்ன கேட்டது?

பெரியப்பா: முதலாவதாக யார் வருவார், இரண்டாவதாக யார் வருவார், மூன்றாவதாக யார் வருவார் என்று வாக்குச்சீட்டிலேயே 1, 2, 3 என இலக்கமிடச் சொல்லியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக ஒரு புள்ளடியுடன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் பொதுமக்களுக்கும் அரசியல் விளங்கும் என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

(நித்தியா ஆசிரியை, மறுநாட் காலை வாக்குப்பெட்டியுடன் தேர்தல் கடமைக்குப் புறப்பட வேண்டியவள், தபால் மூலம் தன் வாக்கை எப்போதோ அளித்துவிட்டவள். அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.)

நித்தியா: பெரியப்பா, அது கணிப்பு அல்ல, விருப்பு வாக்கு. உங்களுக்கு யாரை மிகவும் விருப்பமோ அவருக்கு 1 போட வேண்டும். அவர் இல்லாவிட்டால் யார் பரவாயில்லை என்று நினைக்கிறீர்களோ அவருக்கு 2, அவரும் இல்லாவிட்டால் 3. ஒருவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரை மாத்திரம் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு 1 விழுந்த சீட்டுகளில் அந்த இருவருக்கும் 2 அல்லது 3 இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டுவார்கள். இதொன்றும் புதிதாக வந்த சட்டம் அல்ல. 1982 ஒக்டோபரில் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலேயே இருந்தது. இதுவரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டதால், 2 உம் 3 உம் யாருக்கும் தேவைப்படவில்லை. 1988இல் 50.43 வீதம், 2005இல் 50.29 வீதம் என்று மயிரிழையில் தப்பிய சந்தர்ப்பங்களும் உண்டு.

பெரியப்பா: நீ சொல்வது சட்டம். நான் சொல்வது நடைமுறை. விருப்பம் வேறு, வாக்கு வேறு. அவரவர் தமக்கு விருப்பமானவருக்கு வாக்குப் போடத் தொடங்கினால் இந்த நாடு என்ன ஆகும்?

நித்தியா: அதற்குப் பெயர்தான் தேர்தல், பெரியப்பா.

பெரியப்பா: தோற்கப் போகிறவருக்குப் போட்டு ஒரு வாக்கை வீணாக்க என்னால் முடியாது.

நித்தியா: வெல்லப் போகிறவருக்கு உங்கள் வாக்கு எதற்கு? அவர்தான் உங்கள் கணக்கில் ஏற்கெனவே வென்றுவிட்டாரே.

பெரியப்பா: வென்றவரின் பக்கத்தில் நானும் நின்றேன் என்று இருக்கும்.

நித்தியா: மறைப்புக்குப் பின்னால், தனியாக, முகத்தை மூடாத குறையாக நின்று போடுகிற வாக்கு அது. நீங்கள் பக்கத்தில் நின்றது அவருக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா: எனக்குத் தெரியுமே.

நித்தியா: சரி, ஒன்றைக் கேட்கிறேன். யார் வெல்வார் என்று மூன்று வாரங்களாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு யார் வெல்ல வேண்டும்?

(பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூல் கட்டிய காலை மட்டும் இரண்டு தடவை துடைத்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது.)

பெரியப்பா: ஒருவர் இருக்கிறார். பெயர் எதற்கு? நல்ல மனிதர். ஆனால் அவர் வெல்லமாட்டார்.

நித்தியா: ஏன் வெல்லமாட்டார்?

பெரியப்பா: ஒருவரும் அவருக்குப் போடமாட்டார்கள்.

நித்தியா: அதை யார் சொன்னது?

பெரியப்பா: சலூன்காரர். அவருக்கும் அந்த மனிதரைத்தான் பிடிக்குமாம், ஆனால் வெல்லமாட்டார் என்று நடத்துநர் சொன்னபடியால் வேறொருவருக்குப் போடப் போகிறாராம்.

நித்தியா: நடத்துநர்?

பெரியப்பா: அவருக்கும் மனத்தளவில் அந்த மனிதர்தானாம். ஆனால், விவரம் தெரிந்த ஒரு பெரியவர், பேருந்தில்...

நித்தியா: மூக்குக்கண்ணாடியில் நூல் கட்டியவர்.

பெரியப்பா: அவரேதான்.

நித்தியா: அந்தப் பெரியவரை எங்காவது கண்டால், தயவுசெய்து வாயைக் கட்டும்படி நான் கேட்டதாகச் சொல்லுங்கள், கண்ணாடியைக் கட்டிய நூலில் மிச்சம் இருக்கும்.

பெரியப்பா: நீ கோபப்படுவதால் களநிலவரம் மாறாது. சின்னங்களைப் பார். ரணிலின் சிலிண்டரைக் கண்டவுடன் 2022இன் எரிவாயு வரிசை ஒழிந்தது மக்களுக்கு நினைவுக்கு வரும். அல்லது வரிசையில் நின்றது நினைவுக்கு வரும். இரண்டில் எது வரும் என்பதில்தான் கணிப்பின் நுட்பம் இருக்கிறது. சஜித்தின் தொலைபேசிக்கு எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. அநுரவின் திசைகாட்டி, எந்தத் திசையைக் காட்டும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்கு நம்முடையது, ஆனால் முழங்குவதற்கு மூச்சுப் போதாது.

நித்தியா: அவர்கள் என்ன செய்யப் போவதாகச் சொன்னார்கள் என்று ஒருவருடைய விஞ்ஞாபனத்தையாவது பார்த்தீர்களா?

பெரியப்பா: பார்க்க என்ன இருக்கிறது? நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்பார்கள்.

நித்தியா: 1994இல் சந்திரிகா சொன்னார். 2005இல் மஹிந்த சொன்னார். 2015இல் மைத்திரிபால சொன்னார். இம்முறையும் சொல்கிறார்கள். பாழடைந்த வீட்டை இடித்துத் தருகிறேன் என்று வருகிறவர் ஒவ்வொருவரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அறைகள் விசாலமாக இருக்கின்றன என்று குடியேறிவிடுகிறார்கள். இதை வாசலில் நிறுத்தி ஒருவரிடமாவது கேட்டோமா? கேட்கமாட்டோம், அடுத்துக் குடியேறப் போகிறவர் யார் என்று பந்தயம் கட்டுவதற்கே நமக்கு நேரம் போதவில்லை. மாதிரி வாக்குச்சீட்டைப் பாருங்கள். இரண்டு அடிக்கு மேல் நீளம், 39 பெயர்கள். இடையில் காலமாகிவிட்ட ஒருவரின் பெயரைக்கூட எடுக்க முடியாமல் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் 1960இலேயே உலகின் முதலாவது பெண் பிரதமரைக் கண்ட நாட்டில், இந்த 39இல் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. நாட்டின் வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இதைப் பற்றி உங்கள் சலூனில் ஏதாவது கணித்தார்களா?

பெரியப்பா: சலூனுக்குப் பெண்கள் வருவதில்லையே, பிள்ளை.

(மேலே நித்தியா பேசியதில் பாதி என்னுடைய கோபம் என்று வாசகர் ஐயுற்றால், அந்த ஐயத்தை நான் மறுக்கமாட்டேன். மூன்று மாதம் எந்த வாசலில் நின்றாலும், எந்த வரிசையில் நின்றாலும், என் காதில் விழுந்தது யார் வெல்வார் என்ற அந்த ஒரே கேள்விதான்.)

செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கு நண்பகலில் நீங்கிவிட்டது. நித்தியா இரண்டு நாள் நித்திரையைக் கண்களில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறாள். பெரியப்பா வானொலியுடன் வருகிறார்.

பெரியப்பா: ஒருவரும் 50ஐத் தாண்டவில்லையாம், பிள்ளை! அநுர 42.31, சஜித் 32.76, ரணில் 17.27. இந்த நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்து, அநுர வென்றுவிட்டார். நான் அப்போதே சொன்னேன்.

நித்தியா: எதைச் சொன்னீர்கள்?

பெரியப்பா: கடும் போட்டி என்று சொன்னேன்.

நித்தியா: 51 வீதம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள், எழுதி வைத்திருக்கிறேன். வாக்கு இரகசியமானதுதான், விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம். கடைசியில் எப்படித்தான் போட்டீர்கள்?

பெரியப்பா: உனக்குச் சொன்னதைப் போலவே போட்டேன். ரணிலுக்கு 1, சஜித்துக்கு 2, அநுரவுக்கு 3.

நித்தியா: அப்படியே தலைகீழ்.

பெரியப்பா: தலைகீழ் என்று ஏன் சொல்கிறாய்? நான் எழுதிய வரிசை சரி. அவர்கள் கீழேயிருந்து படித்திருக்கிறார்கள். அதுவும் மேலேயிருந்து படித்தாலும் கீழேயிருந்து படித்தாலும் சஜித் இரண்டாவது. மூன்றில் ஒன்று சரி. 33 வீதம்.

நித்தியா: ஏறத்தாழ அந்த 33 வீதத்தை எடுத்தவர்தான் இன்று தோற்றிருக்கிறார்.

பெரியப்பா: இன்னொன்றையும் சொன்னார்கள், எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டனவாம். தவறாகக் கணித்தவர்களின் சீட்டுகளையெல்லாம் நிராகரித்துவிட்டார்களோ? என்னுடையதும் அதற்குள் போயிருக்குமோ?

நித்தியா: தவறாகக் கணித்ததற்காக நிராகரிப்பதென்றால், உங்களை வாக்காளர் இடாப்பிலிருந்தே 2010இல் எடுத்திருப்பார்கள். உங்கள் சீட்டு செல்லும். செல்லுவது மட்டுமல்ல, ரணிலுக்கு 1 போட்டபடியால் அதை இரண்டாவது எண்ணிக்கைக்கும் எடுத்திருப்பார்கள். அதில் 2 சஜித்துக்கு இருப்பதைக் கண்டு அவருடன் சேர்த்திருப்பார்கள். இரண்டாவது எண்ணிக்கையில் சஜித்துக்குக் கூடிய 167,867 வாக்குகளில் உங்களுடையதும் ஒன்று.

பெரியப்பா: அப்படியானால் என்னுடைய சீட்டை இரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள்!

நித்தியா: பார்த்திருக்கிறார்கள். நீங்கள் விரும்பாத ஒருவருக்கு நீங்கள் அளித்த வாக்கு, நீங்கள் விரும்பாத இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்து, அவருடன் சேர்ந்து தோற்றிருக்கிறது. வாக்கு வீணாகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டவர் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பெரியப்பா: இரண்டு தடவை, பிள்ளை. உன்னுடைய சீட்டை எத்தனை தடவை பார்த்தார்கள்?

நித்தியா: அது கிடக்கட்டும். உங்கள் நல்ல மனிதருக்கு எவ்வளவு கிடைத்தது?

(பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடிதாசியை எடுத்தார். அதில் முதல் மூவரின் எண்ணிக்கைகளும் பேனையால் விரைவாகக் கிறுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குக் கீழே ஓர் எண் மட்டும் ஆறுதலாக, அழகாக, கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது.)

பெரியப்பா: கொஞ்சம். பார்த்தாயா, இவர் வெல்லமாட்டார் என்று நான் சொன்னேன். அது அப்படியே பலித்துவிட்டது.

நித்தியா: நீங்களும் போடவில்லை, சலூன்காரரும் போடவில்லை, நடத்துநரும் போடவில்லை. பலிக்காமல் என்ன செய்யும்?

பெரியப்பா: மூன்று வாக்கில் அவர் வென்றிருப்பாரா?

நித்தியா: அந்தப் பேருந்தில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள்?

(பெரியப்பா பதில் சொல்லவில்லை. கடிதாசியை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.)

நித்தியா: இந்த நேரத்தில் எங்கே புறப்படுகிறீர்கள்?

பெரியப்பா: சலூன்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன். நாடாளுமன்றத்தைக் கலைக்கப் போகிறார்களாம். நம்முடைய மாவட்டத்தில் யாருக்கு எத்தனை ஆசனம் என்று உள்வீட்டுத் தகவல் வந்திருக்கிறது.

நித்தியா: யார் சொன்னது?

பெரியப்பா: இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் போய்த்தான் சொல்ல வேண்டும்.