விழிப்புணர்வு யாருக்கு வேண்டும்?

போன மாதம் தாமிரபரணியில் ஒரு தூய்மைப் பணிக்குப் போயிருந்தேன். ஏற்பாடு செய்தவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை, நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஆளுக்கொரு தொப்பி, பனியன், கையுறை, தண்ணீர் பாட்டில். பெரிய பேனர். ஏழு மணிக்குப் படம் எடுத்து முடித்து ஏழரைக்கு வேலை ஆரம்பம். பாலிதீனையும் பழைய துணிகளையும் இழுத்துப் போட்டவரை சரி. அப்புறம் உற்சாகம் கூடிப்போய், கரையோரம் அடர்ந்து நின்ற கோரையைப் 'புதர்' என்று வெட்ட ஆரம்பித்துவிட்டோம். வெட்டினோம் என்றுதான் எழுத வேண்டும், என் கையிலும் ஒரு அரிவாள் இருந்தது.

சற்றுத் தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏ தம்பி, அதுக்குள்ள கானாங்கோழி அடை கெடக்கு. வெட்டாதிய."

விலக்கிப் பார்த்தோம். கூடு இருந்தது. ஆறு முட்டைகள்.

பத்தரை மணிக்கு நிறைவு விழா. மைக் பிடித்தவர் சொன்னார்: "கரையோர மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்." கரையோர மக்களில் ஒருவரான அந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டே வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து இந்த 'விழிப்புணர்வு' என்ற சொல் எனக்குச் செரிக்கவில்லை. ஆற்றைக் காப்பது, பறவைகளைக் காப்பது, பழம்பொருட்களைக் காப்பது என்று எதைப் பேசினாலும் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் பொருள், மக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாம் பேசுவது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை, இந்த 128 கிலோமீட்டரில், உருப்படியாகக் காப்பாற்றப்பட்டது எதை எடுத்துப் பார்த்தாலும் கதை வேறுமாதிரி இருக்கிறது. ஊர் முதலில் காத்திருக்கிறது. அரசாங்கம் பின்னால் வந்து போர்டு வைத்திருக்கிறது.

திருப்புடைமருதூரைச் சொல்கிறேன். கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடம். நாறும்பூநாதர் கோயில். கோபுரத்தின் உள்ளே ஏறிப் போனால் தளம் தளமாகப் பழைய ஓவியங்களும் மரச் சிற்பங்களும். போர்க்காட்சிகள்கூட உண்டு. அந்தக் கோபுரத்துக்கு வெளியே, கரையில் நிற்கும் மருதமரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்கும் நீர்க்காகமும் நாரையும் கூடு கட்டும். காலங்காலமாக ஊர்க்காரர்கள் அவற்றைத் தொட விட்டதில்லை. மரத்தடியில் எச்சம் விழும், நாற்றம் அடிக்கும், விடிய விடியச் சத்தம் வேறு. எனக்கு வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மரம் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று நேர்மையாகச் சொல்லத் தயாராக இல்லை. அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்ததோடு விடாமல், இதற்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். 2005 பிப்ரவரியில் அந்த இடம் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டது. மொத்தப் பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கர். நம்மூரில் ஒரு கல்யாண மண்டபமும் அதன் கார் நிறுத்துமிடமும் சேர்ந்தால் பாதி வந்துவிடும்.

அங்கே போய் நின்று பார்த்தால், எது இயற்கை எது மரபு என்று கோடு போட முடியாது. மரம் கோயிலுடையது, கரை ஆற்றுடையது, கூடு பறவையுடையது, எல்லாம் சேர்ந்து ஊருடையது. கோயில் நந்தவனம் என்பதால் மரம் வெட்டப்படவில்லை. மரம் இருப்பதால் பறவை வந்தது.

குறுக்குத்துறைக்கு வாருங்கள். நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முருகன் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறார். வெள்ளம் வந்தால் கோயில் முங்கும். வெள்ளத்தைக் கிழித்து இரண்டு பக்கமும் அனுப்புகிற மாதிரி, மதில் படகின் முனைபோல் கட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பெருவெள்ளத்திலும் முருகன் முங்கி எழுந்தார். ஆற்றோடு சண்டை போடாமல் ஆற்றுக்குள் எப்படி இருப்பது என்கிற அறிவு அந்த மதிலில் இருக்கிறது. இதை 'நினைவுச்சின்னம்' என்று சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, கூந்தன்குளம். எல்லோரும் சொல்கிற உதாரணம்தான், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று ஒவ்வொரு ஆண்டும் பத்திரிகையில் வரும். வெடிக்காதது உண்மை, பெருமையும்தான். ஆனால் அந்தச் செய்தி ஏதோ அந்த ஊர் மக்களுக்கு மட்டும் மனது கூடுதலாக இளகியது என்பதுபோல எழுதப்படும்போது எனக்கு எரிச்சல் வரும். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் குளத்துக்கு வருகிறது, பறவை வருகிறது, எச்சம் விழுகிறது, அந்தத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரமாகிறது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும். பறவை வந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதாவது பறவைக்கும் ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சரணாலயம் என்று 1994-ல் அறிவித்தார்கள், இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. அங்கே காவலராக இருந்த பால்பாண்டியும் அவர் மனைவியும் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த கதை ஊரறிந்தது.

கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்தார், தோண்டினார், பொருட்கள் பெர்லினுக்குப் போயின. 1899-லிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கப் பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் சென்னை எழும்பூருக்குப் போயின. 2004, 2005-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது, அறிக்கை வெளிவர ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். இறந்தவர்களைப் புதைத்த தாழிகள் இருந்த இடத்திலேயே ஒரு அருங்காட்சியகம் வந்தது 2023 ஆகஸ்டில். முதல் தோண்டலுக்கும் இதற்கும் நடுவே கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தப் பரம்பை, அதாவது மேட்டு நிலத்தை, சுற்றி இருந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது என்ன? 'இங்கே ஆடு மேய்க்காதே, மண் எடுக்காதே' என்ற போர்டு. இப்போது கண்ணாடி வழியாகத் தாழிகளைக் குனிந்து பார்க்கிறபோது, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று "இது எங்க ஊரு" என்று சொல்வதைக் கேட்டேன். அந்த ஒரு வாக்கியம் ஐம்பது விழிப்புணர்வு முகாமுக்குச் சமம்.

சிவகளையைக் கவனியுங்கள். பரம்பில் கிடந்த ஓடுகளையும் தாழிகளையும் பார்த்து, இது சாதாரண இடமில்லை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். பிறகு மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 1155 என்று காலம் குறித்து 2021-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நாமெல்லாம் முகநூலில் 'பொருநை நாகரிகம்' என்று மார்தட்டிக்கொண்டோம். (நானும்தான். அன்றைக்கு மூன்று பதிவு போட்டேன்.)

மணல் விஷயமும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான நல்லகண்ணு தன் 85-வது வயதில் வழக்குப் போட்டு, 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்தது.

ஆனால் ஊர் காக்கும், ஊருக்கு எல்லாம் தெரியும் என்று நான் பஜனை பாடவில்லை. பாபநாசம் போய்ப் பாருங்கள். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறவர்கள் நம்ம ஆட்கள்தான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் போய் இறங்குவது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். எங்கள் குலதெய்வமும் அங்கேதான், குடில் போட்டுத் தங்கிய சிறுவயது நினைவு எனக்கும் உண்டு. அந்தக் கூட்டம் விட்டுவரும் குப்பைக்கு 'ஊர் மரபு' என்று பெயர் சொல்லித் தப்பிக்க முடியாது. திருநெல்வேலி மாநகரத்துச் சாக்கடை ஆற்றில் கலக்கிறதே என்று 2024-ல் நீதிபதிகளே நேரில் வந்து பார்க்க வேண்டியிருந்தது. இதில் நகரத்துக்காரர்களான நம் பங்கு, துவைக்கிற அம்மாவின் சோப்பு நுரையைவிடப் பல மடங்கு.

நான் கேட்பது வேறு. தெரிந்தவனிடம் அதிகாரம் இருக்கிறதா?

ஒரு சாதாரண குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் மடையும் நீர்வளத்துறை. மீன் குத்தகை ஏலம் எடுத்தவருடையது. பறவை வனத்துறை. கரையில் நிற்கும் கல்மண்டபம் அறநிலையத்துறையா, வருவாய்த்துறையா என்பது அந்த மண்டபத்துக்கே தெரியாது. பக்கத்தில் தாழி கிடைத்தால் தொல்லியல் துறை. அத்தனை பேரும் வந்து போகிறவர்கள். தினமும் அங்கே இருக்கிறவனுக்கு எந்தக் காகிதத்திலும் இடமில்லை. பாதுகாப்பு ஒதுக்கீடு என்ற வகையைக் கொண்டுவந்த 2002-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் நிர்வாகக் குழு உண்டு, அதில் ஊராட்சிப் பிரதிநிதிக்கு நாற்காலியும் உண்டு. ஆனால் அந்தக் குழு சொல்வது ஆலோசனைதான். ஆலோசனை என்றால் தெரியுமில்லையா, கேட்டுக்கொண்டு காபி கொடுத்து அனுப்புவது.

இதற்கு நடுவே உருப்படியாக நடக்கும் ஒன்று, தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011-லிருந்து ஒவ்வொரு தை மாதவாக்கிலும் நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், வங்கி ஊழியர்கள் என்று யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். குழு குழுவாகப் பிரிந்து, ஆளுக்குச் சில குளங்கள் என்று விடியற்காலையில் போய் எண்ணுவோம். எனக்கு உள்ளான் பறவைகளில் பாதி வகை இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவது வருஷமாகப் போகிறேன், இன்ன பறவைதான் என்று நான் அடித்துச் சொன்னது எதுவோ வேறாக இருந்து சிரிப்பாகிவிட்டது. பரவாயில்லை.

இந்த முறை போன குளத்தில், கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி எங்களை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு மெல்ல வந்தார்.

"அந்தக் கோடியில நிக்கதெல்லாம் இப்பதான் இங்கருந்து பறந்து போச்சு. ரெண்டு தடவ எண்ணிராதிய."

உண்மை. இருநூறு சிறகி வாத்துகளை இரண்டு தடவை எழுதியிருந்தோம். அப்புறம் அவரை விடவில்லை. எந்த மடையடியில் நீர்நாய் வருகிறது, எந்தக் கருவேல மரத்தில் போன வருஷம் கூடு இருந்து இந்த வருஷம் இல்லை, குத்தகைக்காரர் மீனைக் காப்பாற்ற எந்த மாதத்தில் வெடி போட்டுப் பறவையை விரட்டுகிறார், ராத்திரி யார் வலை விரிக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னார். எங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை. பின்பக்கம் திருப்பி எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு ஒரு யோசனை வந்தது. நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக் கண்ணில் வைத்துக் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சிரித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இது இல்லாமலே தெரியும். வலை போட வாரவன்கிட்ட நான் போய்ச் சொன்னா, 'நீ யாருல கேக்கதுக்கு'ங்கான். ஒரு கடுதாசி வாங்கிக் குடுங்க. சீல் வச்சி, இன்னார் இந்தக் குளத்தைப் பாத்துக்கிடுதாருன்னு. அது போதும்."

இரண்டு மாதமாக அலைகிறேன். ஒரு அலுவலகத்தில் குளம் எங்களுடையது, பறவை எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னொன்றில் அதையே திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் கனிவாக, "விழிப்புணர்வு முகாம் ஒண்ணு போடலாமே சார், நிதி இருக்கு" என்றார். பைனாகுலர் என் மேஜை மேல் இருக்கிறது. இந்தக் கடுதாசியை யாரிடம் கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள்.