டாலி சான்றிதழோடு வேலை முடிந்துவிடாது

பி.காம் முடித்துவிட்டு டாலி (கணக்கு எழுதும் சாப்ட்வேர்) சான்றிதழ் வாங்கினால் வேலை நிச்சயம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு வரும் பிள்ளைகள் வவுச்சர் (ஒவ்வொரு வரவு செலவுக்கும் போடும் பதிவு) எல்லாம் மளமளவென்று போட்டுவிடுகிறார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்து லெட்ஜரோடு (நாம் எழுதிய கணக்கோடு) ஒத்துப் பார்க்கச் சொன்னால்தான் முழிக்கிறார்கள். கொடுத்த செக் இன்னும் பாஸாகியிருக்காது, பேங்க் பிடித்த சார்ஜ் கணக்கில் ஏறியிருக்காது. வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் கெடு தேதிகள். பொதுவாக 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கும் வருமான வரி) கட்ட வேண்டும். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20க்குள் 3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்). நடுவில் 14ஆம் தேதி வரும் 2பியை (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) நம் கொள்முதல் பில்களோடு ஒப்பிட வேண்டும். சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்லுக்கு இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அதை வாடிக்கையாளருக்குப் போன் போட்டுச் சொல்லும் வேலையும் புதுப் பையன் தலையில்தான் விழும்!

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க என்ன இருக்கிறது. சிஏ (பட்டயக் கணக்காளர்) ஆகும் எண்ணம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2023 ஜூலையிலிருந்து சேருபவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) 3 ஆண்டு இல்லை, 2 ஆண்டுதான். கட்டுரையில் இன்னும் பழைய கணக்கே இருக்கிறது, திருத்திவிடுங்கள்.