3.8 வீதத்தைத் தூக்கிக்கொண்டு இனி என்னிடம் வரவேண்டாம்

நேற்று பேஸ்போல் வீரர் கார்லோஸ் டெல்காடோ பற்றிய அந்தப் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "3.8 வீதம் வாக்கு வாங்கின ஆளுக்கு எதுக்கண்ணை இவ்வளவு பில்டப்?" என்று ஒரு தம்பி கேட்டார். ஹால் ஒஃப் ஃபேம் எனும் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்கான தெரிவில் 2015இல் அவருக்குக் கிடைத்த வாக்கு அது. அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் என்னோடு ரொறன்ரோ ஸ்கைடோம் மைதானத்தில் இருந்து கத்தினவர்களும் உண்டு. அதுதான் சுட்டது.

கார்லோஸ் டெல்காடோவின் ஆட்டத்தை அந்த வாக்கு அளக்கவில்லை. 473 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்). 1997 முதல் 2006 வரை பத்து சீசனும், ஒன்றுகூடத் தவறாமல், முப்பதோ அதற்கு மேலோ. 2003 செப்டெம்பர் 25, தம்பா பே அணிக்கு எதிராக நாலு தரம் அடிக்க வந்தார், நாலு தரமும் ஹோம் ரன். கட்சராக (பந்து பிடிப்பவராக) வந்த பெடியன் ஃபர்ஸ்ட் பேஸ் இடத்துக்கு மாறி ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணிக்கு அடித்துக் கொடுத்தது 336. கழகத்தில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

2015 ஹால் ஒஃப் ஃபேம் சீட்டில் ஒருவர் பத்துப் பேருக்குத்தான் வாக்குப் போடலாம். ராண்டி ஜோன்சன், பெட்ரோ மார்டினஸ் என்று நாலு பேர் அந்த வருடம் தெரிவானார்கள். பொண்ட்ஸ், கிளெமன்ஸ் என்ற பெரிய நட்சத்திரங்களும் வேறு அதே சீட்டில். 5 வீதம் கிடைக்காவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள். அந்த நெரிசலில் விழுந்த 21 வாக்கை வைத்தா பதினேழு சீசனை அளப்பது?

"ஃபீல்டிங் சுமார்தானே?" சுமார்தான், சரி. "பிளேஓஃபில் என்ன செய்தார்?" ரொறன்ரோவில் அவர் நிலைத்து ஆடிய காலம் முழுக்க அணி பிளேஓஃபுக்கே, அதாவது சீசன் முடிவில் வரும் இறுதிச் சுற்றுகளுக்கே, போகவில்லை. 2006இல் நியூயோர்க் மெட்ஸ் அணியோடு போனார், பத்து ஆட்டத்தில் நாலு ஹோம் ரன். போதுமா?

நான் இங்கே வந்த புதிதில் சித்தப்பா இரவு வேலை முடித்த கையோடு ஸ்கைடோமின் 500ஆம் தட்டுக்கு, மேல் அடுக்குக்கு, கூட்டிக்கொண்டு போவார். பாதி ஆட்டம் நித்திரை. டெல்காடோவின் 25ஆம் இலக்கம் இறங்கினால் மட்டும் நிமிர்ந்து இருப்பார். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. டெல்காடோவின் புவேர்ட்டோ ரிக்கோவில் வியேகஸ் என்றொரு தீவு. அறுபது வருடமளவில் அமெரிக்கக் கடற்படை அங்கே குண்டு போட்டுப் பழகியது. 1999இல் அங்கே காவல் வேலை பார்த்த டேவிட் சானேஸ் அந்தக் குண்டில் செத்துப்போனார். அதை நிறுத்தச் சொல்லி டெல்காடோ குரல் கொடுத்தார். பொம்பர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடின எங்களுக்கு இதை ஒருத்தர் விளங்கப்படுத்த வேண்டுமா?

2004இல் ஈராக் போரை எதிர்த்து, "கோட் பிளெஸ் அமெரிக்கா" என்ற நாட்டுப்பற்றுப் பாட்டைப் பாடும்போது வெளியே வராமல் வீரர்கள் உட்காரும் டக்கவுட்டிலேயே இருந்தார். நியூயோர்க்கின் யாங்கி மைதானமே கூச்சல் போட்டது. "விளையாட்டுக்குள்ள அரசியல் ஏன் அண்ணை?" அந்தப் பாட்டை ஆட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்தது அவரா? "மெட்ஸுக்குப் போனதும் எழும்பி நின்றாரே?" நின்றார். கழகத்தின் விதி அது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் சுப்பர்வைசருக்கு முன்னால் வாயே திறக்காத நாங்களா அவரிடம் கணக்குக் கேட்பது?

2025 டிசம்பரில், ஹால் ஒஃப் ஃபேமுக்கு விடுபட்டவர்களை மறுபடி பார்க்கும் பதினாறு பேர் குழுவில் ஒன்பது பேர் அவருக்கு வாக்களித்தார்கள். பன்னிரண்டு வேண்டும். பொண்ட்ஸுக்கும் கிளெமன்ஸுக்கும் ஐந்துகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும், தம்பி. போடாதவர்களில் 2004ஐ இன்னும் மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.