பதினான்கு மாத நாடித் துடிப்பைக் காணவில்லை

போன சனிக்கிழமை டாக்டரிடம் போயிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிற வழக்கமான சோதனைதான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார், எடை போட்டுப் பார்த்தார், முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அப்புறம் என் மணிக்கட்டைக் கவனித்துவிட்டு, "சும்மா இருக்கறப்ப உங்க பல்ஸ் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்குன்னு அந்த வாட்சுல இருக்குமே, காட்டுங்க" என்றார். போனைத் திறந்தேன். கடைசி ஐந்து வாரத்துக்கான கோடு மட்டும் இருந்தது. அதற்கு முந்தைய 14 மாதம் காலி.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் 19 வருடமாக வேலை. ஷாஃப்ட், இம்பெல்லர், பேரிங் உட்காரும் இடம் என்று நாள் முழுக்க எதையாவது அளந்துகொண்டே இருப்பேன். மைக்ரோமீட்டர் என்றால் எனக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு போன், கடிகாரம், இயர்போன் எல்லாமே பிடிக்கும். புதிதாக ஒரு சாதனம் வந்தால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் வரை தூக்கம் வராது. இந்த ஆர்வம் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. அதனால், கீழே நான் குறை சொல்வதை வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

16 மாதத்துக்கு முன்னால் இதே டாக்டர் மூன்று எண்களைச் சொன்னார். எடை 88 கிலோ. இடுப்பு 104 சென்டிமீட்டர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம். 5.7ல் இருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. என் அப்பாவுக்கு 50 வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு 43. "மாத்திரை இப்ப வேண்டாங்க, நடங்க. ராத்திரிச் சாப்பாட்டைக் குறைங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த வாரமே ரேஸ் கோர்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். கோயம்புத்தூரிலேயே ராமநாதபுரம் பகுதியில் வீடு, ஸ்கூட்டரில் பக்கம்தான். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். முதல் நாள் அந்த ஒரு சுற்றுக்கு 34 நிமிடம் ஆனது, நடுவில் ஒருமுறை உட்கார்ந்தேன். இன்றைக்கு இரண்டு சுற்றை 52 நிமிடத்தில் முடிக்கிறேன். எடை 76 கிலோ. இடுப்பு 93. சர்க்கரைச் சராசரி 5.6. நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90க்குள் இருக்க வேண்டும் என்பதால் இன்னும் 3 சென்டிமீட்டர் பாக்கி. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நான் உழைத்திருக்கிறேன்.

இதில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் பேக்கரி என்பது நமக்கு ஒரு பழக்கம். ஷிஃப்ட் முடிந்ததும் டீ, ஒரு பப்ஸ், சில நாள் தேங்காய் பன். டீயை விடவில்லை, சர்க்கரை இல்லாமல் குடிக்கிறேன். மற்ற இரண்டும் வாரத்துக்கு ஒருநாள். ராத்திரி நான்கு தோசை இரண்டாயிற்று, எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடும். அவ்வளவுதான். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன்.

நடக்க ஆரம்பித்து சில நாளிலேயே அதை வாங்கினேன். வாங்கியதும் என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு கேஜ், அதாவது அளக்கும் கருவி, வந்தால் நேராக அதை நம்பிவிட மாட்டோம். துல்லியமாக அளவு தெரிந்த ஸ்லிப் கேஜ் என்ற கட்டையை வைத்துச் சரிபார்ப்போம். வருடம் ஒருமுறை காலிபரேஷனுக்கு அனுப்புவோம். அதேபோல இதையும் சோதித்தேன். நின்று இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து, 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கினால் நாடித் துடிப்பு. உட்கார்ந்திருக்கும்போது கடிகாரமும் விரலும் இரண்டு, மூன்று துடிப்புக்குள் ஒத்துப்போயின. வேகமாக நடக்கும்போது ஒருநாள் கடிகாரம் 118 என்றது, உடனே நின்று விரலால் எண்ணினால் 104தான்.

காரணம் தேடிப் படித்தேன். கடிகாரத்தின் அடியில் ஒரு பச்சை விளக்கு மின்னுகிறதே, அந்த வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அதைத்தான் அது எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்து கை சீராக ஆடும்போது, அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும். நான் நிமிடத்துக்குச் சுமார் 118 அடி வைத்து நடந்துகொண்டிருந்தேன். கடிகாரம் என் காலடியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது! பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினேன், பெரும்பாலும் சரியாகிவிட்டது. கடிகாரத்தோடு வந்த கையேட்டில் இது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எரித்த கலோரி என்று ஒரு எண் காட்டும், அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் மிகச் சரியான கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை, மிக மோசமானதற்கு 93 சதவீதம். எங்கள் கம்பெனியில் 27 சதவீதம் பிழை காட்டுகிற கேஜை உடைத்துப் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணை நம்பி "இன்னைக்கு 600 கலோரி எரிச்சிட்டேன்" என்று ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

பத்தாயிரம் அடிக் கணக்கும் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், 1965ல், ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் மான்போ-கெய். அந்தப் பெயருக்கு அர்த்தமே பத்தாயிரம் அடி அளவி. அந்த எண் அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019ல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு, சராசரி வயது 72 ஆன பெண்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தது. நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது, 7,500 அடிக்கு மேல் போனால் பெரிய வித்தியாசம் இல்லை. இதை என் அம்மாவுக்குச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க மாட்டேன். 9,000 அடியில் நின்றுபோனால் ஏதோ தோற்றுவிட்டது போல அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயே ராத்திரி பத்து மணிக்கு நடந்துகொண்டிருப்பார்.

இன்னொன்றும் எரிச்சல். வாரத்தில் இரண்டு நாள் தண்டால், பஸ்கி எடுக்கிறேன். தசைக்கு வாரம் இரண்டு நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 பஸ்கி எடுத்து மூச்சு வாங்கி நிற்கும்போது கடிகாரம் அதிர்ந்து, 'வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்' என்கிறது. மறுபக்கம், குழி விழுந்த ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிப் போனால் நானூறு அடி நடந்ததாகக் கணக்குச் சேர்க்கிறது.

வீட்டில் எடை பார்க்கும் கருவியும் அப்படி ஒன்றுதான். எடையைக் காட்ட அதற்கு எதற்கு என் இருப்பிடம் தெரிய வேண்டும்? ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத் சாதனத்தைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 12ல் அதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் அந்தச் செயலி இன்னமும் கேட்கிறது, கொடுக்காவிட்டால் திறக்காது. அதில் தெரியும் கொழுப்புச் சதவீதம், பாதத்தில் மின்சாரத்தைச் சிறிதளவு செலுத்திக் கணிப்பது. உடம்பில் தண்ணீர் கூடிக் குறைந்தால் அதுவும் மாறும். ஒரே நாளில் காலையில் 29.8, ராத்திரி 27.1 என்று காட்டியிருக்கிறது.

கடிகாரத்துக்கான சார்ஜரும் தனி. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன வயர் போனால் வேறு எதுவும் பொருந்தாது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லட், இயர்போன் எல்லாவற்றுக்கும் சி வகை போர்ட் கட்டாயம் என்று ஆக்கினார்கள், அந்தப் பட்டியலிலும் கைக்கடிகாரம் இல்லை.

இத்தனை குறை இருந்தும் நான் ஏன் அதைக் கழற்றவில்லை? எங்கள் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு கருவி உண்மை அளவைவிட எப்போதும் ஒரே மாதிரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால், அதை வைத்து வேலை செய்யலாம். எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்தால் போதும். ஓய்வு நேரத் துடிப்பில் என் கடிகாரம் அப்படி நம்பிக்கையானது. தூங்கும்போது கை ஆடாது, வியர்வை இல்லை, அளவு சீராக வரும். ஆரம்பத்தில் 84, இப்போது 66. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பதுதான் முக்கியம். எந்த மாதம் இறங்கியது, டைபாய்டு வந்து படுத்தபோது எவ்வளவு ஏறியது, மறுபடி நடக்க ஆரம்பித்து எத்தனை நாளில் பழைய நிலைக்கு வந்தது. டாக்டர் கேட்டது அதைத்தான். அதுதான் போயிற்று.

என்ன நடந்தது என்றால், ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்த நிறுவனம் பழைய செயலியை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தது. புதிய கணக்கு தொடங்கச் சொன்னது. 'உங்கள் தரவு தானாக வந்துவிடும்' என்றது. அடிக் கணக்கு வந்தது, தூக்கக் கணக்கு பாதி வந்தது, துடிப்பு வரவே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். கடிகாரத்தை ரீசெட் செய்யுங்கள் என்று மூன்று முறை ஒரே பதில். நான்காவது முறை ஒருவர் உண்மையைச் சொன்னார்: பழைய சர்வரை மூடிவிட்டார்கள், இனி எடுக்க முடியாது. கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி அந்தச் செயலியில் எப்போதுமே இருந்ததில்லை.

காசு கொடுத்து வாங்கிய கருவி. என் கையில், என் ரத்தத்தில் எடுத்த அளவு. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து நடந்து நான் இறக்கிய எண். அதை எனக்கே ஒரு பிரதி கொடுக்காமல் அழித்துவிட்டு, ஒரு மன்னிப்புக் கடிதம்கூட அனுப்பாமல் இருக்கலாம் என்றால், சட்டத்தில் ஏதோ குறை இருக்கிறது.

தேடிப் பார்த்தால் குறை எங்கே என்று தெரிகிறது. நம் நாட்டில் 2019ல் நாடாளுமன்றத்தில் வைத்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், ஒருவர் தன் தரவைக் கணினி படிக்கும் வடிவத்தில் கேட்டு வாங்கவும், வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் உரிமை இருந்தது. அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். எடுத்துக்கொண்டு போகும் உரிமை மட்டும் இல்லை. ஐரோப்பாவில் 2018 முதல் அது நடைமுறையில் இருக்கிறது, அவர்கள் சட்டத்தின் 20வது பிரிவு. சுருக்கம் எனக்கு எதற்கு? 14 மாதத்தின் ஒவ்வொரு நாளும் எனக்கு வேண்டும். 2019ல் எழுதி வைத்த அந்த உரிமையை மறுபடி சட்டத்தில் சேர்க்க வேண்டும். நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஆப்பிள் ஹெல்த் செயலியில் மொத்தத் தரவையும் ஒரே கோப்பாக எடுக்கலாம். பெப்பிள் என்ற கடிகார நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது, 2018 ஜூனில் அதன் சர்வர்களும் நின்றன. அதை நேசித்தவர்கள் ரெபிள் என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, தாங்களே சர்வர் நடத்தி அந்தக் கடிகாரங்களை ஓட வைத்தார்கள். அதே பெப்பிளுக்காகத் தொடங்கிய கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவசச் செயலி இன்று பல நிறுவனங்களின் கடிகாரங்களோடு பேசுகிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் வேண்டாம், தரவு போனிலேயே இருக்கும். சம்பளம் வாங்காதவர்கள் இதைச் செய்கிறார்கள்.

டாக்டரிடமிருந்து வந்த அன்று ராத்திரி என் எடை நோட்டை எடுத்தேன். முதல் நாளில் இருந்து ஞாயிறுதோறும் எடையும் இடுப்பும் அதில் எழுதி வருகிறேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. துடிப்புக்கு என்று மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். "வாட்ச் இருக்குதுல்ல, எதுக்குங்க இது?" என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவளும் அப்போது உட்கார்ந்து, சத்துணவு ஆலோசகர் சொன்ன தன்னுடைய இரும்புச்சத்து அளவுகளைப் போனிலிருந்து பார்த்துப் பார்த்து அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்.

நண்பர்களே, இன்றே உங்கள் கடிகாரச் செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். தரவை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா? இருந்தால் ஒரு கோப்பு எடுத்துத் திறந்து பாருங்கள், தினசரித் துடிப்பு அதில் தேதியோடு வருகிறதா என்று. இருக்கிறது, இல்லை, பாதிதான் வருகிறது, எதுவானாலும் மாடல் பெயரோடு எனக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தொகுத்து, அடுத்த மாதம் இங்கேயே போடுகிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.